துக்கம் கேட்கப் போன பெட்டி

முதலமடை
4 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய நாச்சம்மாள் அத்தை அவர்களுக்கு,

நான் யோகப்பிரியா. உங்கள் அண்ணன் ஆறுமுகசாமியின் மகள். பிளஸ் ஒன் படிக்கிறேன். இங்கு அப்பா, அம்மா, நான், இரண்டு எருமைகள் எல்லோரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை நான் இதுவரை விசாரித்ததே இல்லை. பதினாறு வருடத்துக்கும் சேர்த்து இப்போது விசாரிக்கிறேன்.

எங்கள் வீட்டில் உங்கள் பெயரைச் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் பாஸ்கல் மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு சின்னக்கானலுக்குப் போனபோது நான் பிறக்கவில்லை. எனவே அந்தத் தடை எனக்குப் பொருந்தாது என்று முடிவு செய்திருக்கிறேன். மாமா இறந்தபோது நீங்கள் அச்சடித்து அனுப்பிய நினைவு அட்டை எங்கள் வீட்டில் இருக்கிறது. முகவரி அதில் கிடைத்தது. மாமாவுக்காக வருந்துகிறேன். இரண்டு வருடத் தாமதத்துக்கு மன்னிக்கவும்.

இப்போது விஷயம். கட்டுரைப் போட்டி ஒன்றில் தேர்வான பன்னிரண்டு மாணவர்களை ஏப்ரல் மாதம் போலந்து நாட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. அங்கே அவுஷ்விட்ஸ் என்ற இடத்தில், இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் யூதர்களைக் கொண்டுவந்து கொன்ற முகாம் இருக்கிறது. இன்று அது நினைவிடம். அந்த வரலாற்றை அந்த இடத்திலேயே நின்று படிப்பதுதான் பயணத்தின் நோக்கம். எங்கள் வரலாற்று ஆசிரியர் ஜோமோன் சார் கூட வருகிறார்.

சம்மதப் பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போட மறுக்கிறார். "ஊட்டி இருக்குது, கொடைக்கானல் இருக்குது. கொலை நடந்த எடத்தச் சுத்திப் பாக்கறதுக்கு எவனாச்சும் ஏரோப்ளேன் ஏறுவானா?" என்கிறார். நான் பதினான்கு காரணங்கள் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளில் அவர் உர மூட்டைக் கணக்குப் போட்டுவிட்டார்.

அப்பாவைச் சிறு வயதிலிருந்து அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அவரைச் சரி என்று சொல்ல வைப்பது எப்படி? என் கைபேசி தேர்வு முடியும்வரை பீரோவில் இருக்கிறது. பதிலை ஜோமோன் சார் பெயருக்கு, பள்ளி முகவரியில் எழுதவும்.

பதிலை எதிர்பார்த்து, தங்கள் மருமகள்
யோகப்பிரியா

*

சின்னக்கானல்
21 நவம்பர் 2024

மரியே வாழ்க.

அன்புள்ள யோகப்பிரியா கண்ணுக்கு,

உன் கடிதம் வந்தது. முதலில் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து என்று நினைத்தேன். 'மதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்தால் எனக்கு வேறு என்ன தோன்றும்? மூன்று முறை படித்தேன். மூட்டு வலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. எஸ்டேட்டில் பிள்ளைகள் காப்பகத்தில் ஆயாவாக இருக்கிறேன். இருபத்திரண்டு பிள்ளைகள். இந்தக் கடிதத்தின் ஓரத்தைக் கடித்தது அதில் ஒன்று.

நீ போன் செய்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. இங்கே சிக்னல் கிடைக்கிற பாறைக்குப் போக யானை சம்மதிக்க வேண்டும்.

உன் அப்பன் என்னிடம் ஒரு தடவைகூட சரி என்று சொன்னதில்லை. அதைக் கேட்க என்னைப் போய்த் தேடிப் பிடித்தாயே. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். டூர் என்று சொல்லாதே. படிப்பு என்றும் சொல்லாதே. எழவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிறேன் என்று சொல். அண்ணனுக்குக் கல்யாண வீடு மறந்துபோகும். எழவு மறக்காது. ஒரு வருடம் வெள்ளத்தில் பாலம் மூழ்கியபோது வேட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு ஆற்றை நீந்திப் போய்த் துக்கம் கேட்டான். செத்தது யார் என்று நினைக்கிறாய்? எங்களுக்குக் கிணறு வெட்டியவனின் மாமியார்.

பிள்ளைகள் விழித்துவிட்டார்கள்.

அத்தை
புஷ்பமேரி (இங்கே அப்படிச் சொன்னால்தான் தெரியும்)

*

முதலமடை
2 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தை,

உங்கள் மூட்டு வலிக்கு அம்மா எருக்கிலை ஒத்தடம் சொல்கிறாள். யாருக்கு என்று நான் சொல்லவில்லை. ஜோமோன் சாரின் மனைவிக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கையெழுத்து ஆகிவிட்டது! நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, இது டூர் இல்லீங்க. எழவுக்குப் போறதுங்க."

"யாரோட எழவு?"

"யூதருங்கன்னு ஒரு ஜனமுங்க. அறுவது லச்சம் பேரு."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "அறுவது லச்சமா? என்ன வியாதி?"

"வியாதி இல்லீங்க. கவர்மெண்டே பேரெழுதி, ரயில்ல ஏத்திக் கொண்டு போயிக் கொன்னுபோட்டாங்க. கொழந்தைங்களையுங்கூட."

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "அப்பறம் துக்கம் கேக்கறதுக்கு அவங்கூட்டுல யாரு மிச்சம்?" என்றார்.

"நெறைய ஊட்டுல ஒருத்தருமே மிச்சமில்லீங்க."

"எத்தன வருசமாச்சு?"

"எம்பதுங்க."

"லேட்டுதான்," என்றார். "ஆனா எம்பது வருசம் ஆயிப்போச்சுங்கறது போகாம இருக்கறதுக்கு ஒரு காரணமாகாது. பேனாவக் கொண்டா."

பிறகு பயணத் திட்டத்தைப் படித்தார். முகாமுக்குப் போவது வெள்ளிக்கிழமை என்று இருந்தது. உடனே சாருக்குப் போன். "வெள்ளிக்கெழம எவனாச்சும் எழவூட்டுக்குப் போவானுங்களா சார்?" நான்காவது போனுக்கு முன்பே சார் அதைப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டார்.

நீங்கள் சொன்னது முழு உண்மை, அத்தை. அப்பா ஒரு துக்கத்தையும் விடுவதில்லை. இந்த மாதம் மட்டும் நான்கு. ஒரு கேள்வி: பாஸ்கல் மாமாவின் துக்கத்துக்கு அப்பா வந்தபோது அங்கே மழையா? வீட்டில் அவர் ஒன்றுமே சொன்னதில்லை. உங்கள் ஊரைப் பற்றி என் நோட்டில் எழுதிவைக்க வேண்டும்.

நன்றியுடன்
யோகப்பிரியா

*

சின்னக்கானல்
20 ஜனவரி 2025

யோகப்பிரியாவுக்கு,

இங்கு சுகம். கையெழுத்து கிடைத்ததில் சந்தோஷம். யானை வழியில் நின்றதால் தபால்காரர் வரவில்லை. அதனால்தான் பதில் தாமதம்.

மழையா என்று கேட்டிருந்தாய். அது ஜூலை மாதம். ஜூலையில் இங்கே மழைதான்.

நன்றாகப் படி.

புஷ்பமேரி

*

முதலமடை
11 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தை,

உங்கள் கடிதம் கிடைத்தது. யானை ஒன்றரை மாதம் ஒரே இடத்தில் நிற்குமா என்று புத்தகத்தில் தேடினேன். அப்படிக் குறிப்பு இல்லை. தாளில் முக்கால் பாகம் காலியாக இருந்தது. நான் எதையாவது தவறாக எழுதிவிட்டேனா? எழுதியிருந்தால் எந்த வரி என்று சொல்லவும். திருத்திக்கொள்வேன்.

இங்கே மாங்காய்ப் பறிப்பு ஆரம்பித்துவிட்டது. வாசலில் லாரி நிற்கிறது. நடுவில் என் பயண ஏற்பாடும் நடக்கிறது. அப்பா எனக்கு ஒரு கறுப்புப் பெட்டி வாங்கி வந்தார். நான் பள்ளியிலிருந்து வருவதற்குள், மாம்பழப் பெட்டிகளுக்கு எழுதுவதுபோல், வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக எழுதிவிட்டார்:

யோகப்பிரியா
த/பெ. ஆறுமுகசாமி
முதலமடை

"என்னப்பா இது, எல்லாரும் சிரிப்பாங்க!" என்றேன். "சிரிச்சா சிரிக்கட்டும். பேரு எழுதுன பெட்டி எந்த ஊருக்குப் போனாலும் உடையவங்ககிட்ட வந்து சேந்துரும்," என்றார். மூடியின் உள்பக்கத்தில் 'கவனம், கனிந்த பழம்' என்றும் இருக்கிறது. அது பழக்க தோஷம்.

துக்க வீட்டுக்கான விதிகளையும் தந்திருக்கிறார். வெறுங்கையோடு போக வேண்டும். அங்கே எதுவும் சாப்பிடக் கூடாது. கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். வந்ததும் தலைக்குக் குளிக்க வேண்டும். உடுத்திய துணி எதுவும் நனைக்காமல் வீட்டுக்குள் வரக் கூடாது. மற்ற பதினொரு பேருக்கும் இவற்றை நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

போலந்தில் ஏப்ரலிலும் குளிருமாம். முதலமடைக் கடைகளில் ஸ்வெட்டர் கேட்டால், காய்ச்சலா என்று கேட்கிறார்கள்.

கவலையுடன்
யோகப்பிரியா

*

சின்னக்கானல்
5 மார்ச் 2025

மரியே வாழ்க.

அன்புள்ள கண்ணுக்கு,

நீ ஒரு வரியையும் தவறாக எழுதவில்லை. இன்னொரு தடவை இப்படிக் கேட்காதே.

இதோடு ஒரு ஸ்வெட்டர் தாட்டிவிடுகிறேன். உன் மாமாவுடையது. எஸ்டேட்டில் காவல் பார்த்த மனுஷன், பனியில் நின்றே பழகியவர். அதனால் இது உண்மையான கம்பளி. இரண்டு தடவை துவைத்திருக்கிறேன். கை நீளமாக இருக்கும், மடித்துக்கொள். யாருடையது என்று கேட்டால் ஜோமோன் சாருடையது என்று சொல். எல்லாப் பாவத்தையும் அந்த மனிதர் தலையிலேயே போடுகிறோம், அவருக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றியிருக்கிறேன்.

'கனிந்த பழம்' படித்துவிட்டுச் சிரித்தேன். காப்பகத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஏழு பேர் எழுந்து அழுதார்கள். அவன் எழுத்து இன்னும் 'ழ'வுக்கு வால் நீட்டித்தான் இருக்கிறதா?

அங்கே போனதும் என்ன பார்த்தாய் என்று எனக்கும் எழுது.

அத்தை
புஷ்பமேரி

*

கிராகோவ், போலந்து
10 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தை,

நாங்கள் எல்லோரும் பத்திரம். ஸ்வெட்டர் மிக நன்றாக இருக்கிறது. முழங்காலுக்கு வருகிறது. இதை ஊருக்கு வந்துதான் தபாலில் போடுவேன்.

விமான நிலையத்தில் அப்பா சொன்னது நடந்தது. எல்லோருடைய பெட்டியும் கறுப்பு. எல்லோரும் குழம்பி நிற்க, என் பெட்டி மட்டும் அப்பாவின் வெள்ளை எழுத்தோடு தூரத்திலேயே தெரிந்தது. ('ழ'வுக்கு இன்னும் வால் உண்டு, அது மூடிக்குள்ளே.) எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நேற்று, புதன்கிழமை, முகாமுக்குப் போனோம். வழிகாட்டி ஒரு போலந்துப் பெண்மணி. மெல்லிய குரல். பல அறைகள் பார்த்தோம். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். எண்களை எழுதுவது சுலபமாக இருந்தது.

ஒரு அறையில் கண்ணாடிக்குப் பின்னால் பெட்டிகள் குவிந்து கிடந்தன, அத்தை. நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாகப் பெயர், சிலவற்றில் ஊர், சிலவற்றில் பிறந்த தேதி. "உங்கள் பெட்டி தொலையாமல் திரும்பக் கிடைக்க வேண்டுமானால் பெயர் எழுதுங்கள்" என்று நாஜிகள் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஜனங்களும் நம்பி எழுதியிருக்கிறார்கள். சிலருடைய எழுத்து அழகாக இருந்தது. வீட்டில் யாரோ ஒருவர், மகளுடைய பெட்டி தொலையக் கூடாது என்று, நிதானமாக உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் குழுவில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நான் நோட்டை மூடிவிட்டேன்.

வெளியே வந்ததும் வழிகாட்டி எங்களிடம் கைகூப்பி விடைபெற்றார். என் நகல் தாளின்படி பன்னிரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்துவிட்டோம். அவர் முகம் வாடிவிட்டது. ஜோமோன் சார் பஸ் வரைக்கும் ஓடி வந்து, "ஒரு தேங்க்ஸ் பறைய நாக்கு இல்லியா பிள்ளைங்களே!" என்று திட்டினார். தாளைக் காட்டினேன். படித்தார். திரும்ப ஓடிப்போய் அவரிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த அம்மாள் கவனமாகக் கேட்டார். பிறகு அவரும், சாரிடம் ஒன்றும் சொல்லாமல், திரும்பி நடந்தார்.

விடுதிக்கு வந்து பன்னிரண்டு பேரும் தலைக்குக் குளித்ததில் வெந்நீர் தீர்ந்துவிட்டது. இரண்டாம் மாடியில் தங்கியிருந்த ஒரு கால்பந்துக் குழு புகார் கொடுத்தது.

அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் ஜனவரிக் கடிதம் ஞாபகம் வந்தது. அதையும் இதையும் ஒப்பிடக் கூடாது என்று எனக்குத் தெரியும். நான் ஒப்பிடவில்லை. துக்கம் கேட்க ஆள் வராத வீடுகளைப் பற்றி நினைத்தபோது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். அப்பா சின்னக்கானலுக்கு வரவே இல்லை. மழையா என்று நான் கேட்டேனே, அத்தை. தவறான வரி அதுதான்.

நான் பார்த்த இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன். மாமாவின் அட்டை வந்த அன்று அப்பா எங்கேயும் போகவில்லை. ஆனால் பம்புசெட்டில் போய்ச் சட்டையோடு தலைக்குக் குளித்தார். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று, அந்த அட்டையை அவர் எறியவில்லை. பாஸ்போர்ட்டுக்காகப் பிறப்புச் சான்றிதழ் தேடியபோது எனக்குக் கிடைத்தது, தோட்டத்து ஆதாரப் பத்திரங்கள் வைக்கிற பைக்குள்.

உங்கள்
யோகப்பிரியா

*

முதலமடை
24 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தை,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். ஆனால் விஷயம் வெளியாகிவிட்டது. தவறு என் மேல் இல்லை, வழக்கத்தின் மேல்.

வாசலிலேயே அம்மா பெட்டியைத் திறந்து எல்லாத் துணியையும் அண்டாவில் நனைத்தாள். ஸ்வெட்டரைப் பிழிந்து உதறியபோது காலரின் உள்பக்கம் தெரிந்தது. சிவப்பு நூலில், 'பாஸ்கல், சின்னக்கானல்'. நீங்கள் ஏன் பெயர் தைத்தீர்கள்?

அம்மா அதை அப்பாவிடம் காட்டினாள். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நவம்பரிலிருந்து தேதி வாரியாக. அப்பா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சாயங்காலம் கொடியருகே நின்று, "காஞ்சிருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து அம்மாவிடம் சொல்வது காதில் விழுந்தது. "மூணு வருசம் ஆகப்போகுது. இப்பப் போயி நின்னு என்னன்னு கேக்கறது?"

நான் படித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே சொன்னேன். "எம்பது வருசம் ஆனாலும் அது ஒரு காரணமாகாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

அப்பா எழுந்து போய் எருமைகளைக் குளிப்பாட்டினார். காலையில்தான் குளிப்பாட்டியிருந்தோம்.

இன்று பொள்ளாச்சிக்குப் போவதாகச் சொல்லி, என்ன கிழமை என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, கிளம்பிவிட்டார். இப்போது பார்த்தால் ஸ்வெட்டரைக் காணோம். என் பெட்டியையும் காணோம். கோபத்தில் எங்கேயாவது போட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. பெட்டி போனால் போகட்டும். மாமாவின் ஸ்வெட்டர் போனால் உங்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அதுவும் இன்னும் ஒரு தடவைகூட விழிக்காத முகத்தில்?

குற்ற உணர்ச்சியுடன்
யோகப்பிரியா

*

சின்னக்கானல்
29 ஏப்ரல் 2025

மரியே வாழ்க. உங்கள் பிள்ளையாரும் வாழ்க.

என் கண்ணு யோகப்பிரியாவுக்கு,

எஸ்டேட் லயத்தில் வரிசையாக இருக்கிற பதினாறு வீட்டுத் துணியும் ஒரே கொடியில் காய்கிறது. பெயர் தைக்காவிட்டால் உன் மாமா அடுத்த வீட்டுக்காரர் சட்டையோடுதான் பூசைக்குப் போயிருப்பார். அதனால் தைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு ஜீப் வந்தது. இறங்கியவனுக்குத் தலை நரைத்திருந்தது. வேட்டி கட்டுகிற விதத்தில்தான் அடையாளம் தெரிந்தது. வாசலில் நின்று, இரண்டு கையையும் நீட்டினான். துக்கம் கேட்க வருகிறவர்கள் நீட்டுவார்களே, அப்படி. நான் பிடித்தேன். பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் வேடிக்கை பார்த்தார்கள்.

உள்ளே வந்து மாமாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தான். ஸ்வெட்டரை எடுத்து என் மடியில் வைத்தான். இஸ்திரி போட்டிருந்தது. கம்பளிக்கு எந்த முட்டாள் இஸ்திரி போடுவான்? கை இப்போது உனக்குச் சரியாக இருக்கும், அவ்வளவு சுருங்கிவிட்டது.

"காலர்ல பேரு நல்லாத் தச்சிருக்கற," என்றான்.

டீ கொடுத்தேன். எழவு வீட்டில் குடிக்கக் கூடாதே, தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, எஸ்டேட்டுக்கு வந்துட்டு டீ குடிக்காமப் போனா கம்பெனிக்காரங்க கோவிச்சுக்குவாங்க," என்றேன். சிரிப்பு வந்தது அவனுக்கு. அடக்கிக்கொண்டான். குடிக்கவில்லை.

அரை மணி நேரம் இருந்தான். பிறகு எழுந்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் போய் ஜீப்பில் ஏறினான். வழக்கம் எனக்கும் தெரியும்தான், கண்ணு. அந்த ஊரில் பிறந்தவள்தானே நானும். இருந்தாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதானா என்று இருந்தது.

ஜீப் வளைவு வரைக்கும் போய் நின்றது. யானை நிற்குமே, அந்த இடம். யானைதான் என்று நினைத்தேன். ஏதோ கறுப்பாக மேட்டில் ஏறி வருவதும் தெரிந்தது. பிள்ளைகளையெல்லாம் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் உன் அப்பன். தலையில் பெட்டி. மூச்சு வாங்குகிறது. முதலமடையில் ஏது மேடு?

பெட்டியை வாசலில் இறக்கினான். "எழவுக்கு வெறுங்கையோட வரோணும். அதுனால கீழயே வெச்சிருந்தேன்," என்றான். "அது முடிஞ்சுது. இப்ப வந்தது வேற."

திறந்தால் முழுக்க மாம்பழம். மூடியில் எழுதியிருந்தது ஒருவழியாக உண்மையாகிவிட்டது.

உள்ளே போய் அந்த ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். வாசலுக்கு வந்தான். பதினாறு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "அப்ப நா போயிட்டு வாரேன், நாச்சா," என்றான்.

அந்தப் பெயரை இங்கே ஒருவரும் கேட்டதில்லை. நாச்சா யார் என்று பிள்ளைகள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பழம் தீர்ந்துவிட்டது. பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன். யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறாயா என்று உன் அப்பன் கேட்டனுப்பினான். முடியாது என்று சொல்லிவிட்டேன். பேர் எழுதிய பெட்டி. பேருக்குரியவளே வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்.

வழி பார்த்திருக்கும்
உன் அத்தை
நாச்சா என்கிற புஷ்பமேரி